லேத்துக் கொட்டிலிலிருந்து கொடுத்த லைன்

தொழில்நுட்பக் கல்லூரியில் பல வருடம் மின்சாரப் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். நாவற்குடாவில், என் வீட்டுப் பின்வளவில், வேலியோரமாக ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத் மெசினை வைத்திருக்கிறேன். மூடிப்போன ஒரு வேலைத்தலத்திலிருந்து வாங்கியது. படகு எஞ்சினுக்கு ஒரு புஷ், தண்ணீர்ப் பம்புக்கு ஒரு தண்டு என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள், சீவிக் கொடுப்பேன். ஓய்வூதியக்காரனின் பொழுதுபோக்கு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பொழுதுபோக்கு இல்லை, பைத்தியம் என்று என் மனைவிக்குத் தெரியும்.

இந்த லேத்துக்கு நான் இன்வேட்டர் பூட்டிய கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஓர் இடத்தில் நிறுத்திவிடுவேன். அந்த இடத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் இப்போது எழுதப்போகிறேன். எழுதினால் மனம் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு மழுப்பல் என்பதால் எழுதுகிறேன்.

லேத்தோடு வந்த மோட்டர் மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது. வீட்டுக்கு வருவதோ ஒற்றைப் பேஸ். அதனால் அந்த மோட்டரைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, வேறொரு பழைய மோட்டரைப் பூட்டி ஓட்டினேன். அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். வேகத்தை மாற்றவேண்டுமென்றால் மெசினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை ஒரு கப்பியிலிருந்து மற்றக் கப்பிக்கு மாற்றவேண்டும். விரல் நசியும், கையெல்லாம் கரியாகும், வாயில் நல்ல வார்த்தை வராது.

அப்போதுதான் காத்தான்குடியில் ஒரு கடையில் அந்த இன்வேட்டரைக் கண்டேன். ஒரு றாத்தல் பாண் அளவுப் பெட்டி. ஒற்றைப் பேஸை உள்ளே வாங்கி மூன்று பேஸாக வெளியே விடும். அதோடு, கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தடவை போய்வருகிறது என்பதை நாம் விரும்பியபடி மாற்றும். மீடிறன் என்று பாடப்புத்தகத்தில் சொல்வோம். மீடிறனைக் கூட்டினால் மோட்டர் வேகமாகச் சுற்றும், குறைத்தால் மெதுவாகச் சுற்றும். வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிக் காட்டிய விஷயம் அது. பூட்டி ஓட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூட்ட இரண்டு நாள் எடுத்தது. மேசைக்கடியில் கிடந்த மோட்டரை வெளியே இழுத்துத் தூசு தட்டினேன். அதன் பெட்டியைத் திறந்து, ஸ்டார் இணைப்பில் கிடந்த செப்புத் தகடுகளை டெல்டா இணைப்புக்கு மாற்றினேன். வீட்டுக் கரண்டின் அழுத்தத்துக்கு அப்படித்தான் இருக்கவேண்டும். இரும்புத் துகள் விழாமல் இன்வேட்டரைச் சுவரில் உயரமாக ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, காற்றுக்குத் துளை போட்டு வலை அடித்தேன். கைநூலில் இருந்த ஆங்கிலம் எந்த நாட்டு ஆங்கிலமோ தெரியவில்லை. எண்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, மோட்டர் ஐந்து செக்கனில் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும்படி செய்துவிட்டேன்.

குமிழைத் திருப்பினேன். லேத் ஒரு உதறலும் இல்லாமல் அசைந்து சுற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அது என் விரலுக்குக் கீழ்ப்படிந்து வேகம் எடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சுத்துது," என்றாள். "முந்தியும் சுத்தினதானே?"

அவளுக்கு விளக்கம் சொல்ல நான் முயலவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டுப் போட்டேன், மறுபடி விழுந்தது.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ட்ரிப் சுவிச் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், யாரோ ஒருவரின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். இன்வேட்டரிலிருந்து எப்போதும் கொஞ்சம் கரண்ட் எர்த் வயரில் கசியும். அது பழுதல்ல, அதன் சுபாவம். பாவம், ட்ரிப் சுவிச்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதற்குச் சரியான வழியும் எனக்குத் தெரியும். கொட்டிலுக்கென்று இன்வேட்டருக்கு ஏற்ற வேறொரு வகை ட்ரிப் சுவிச் போடவேண்டும். காத்தான்குடிக் கடைக்காரர் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கவேண்டும், இரண்டு மூன்று கிழமை ஆகும் என்றார். அதுவரை லேத்தைத் தொடாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை கரண்ட் போனது. நான்காவது தடவை மனைவி குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"இஞ்சாருங்க, சோறு அரைவேக்காட்டில நிக்குது. உங்கட மெசினுக்கு ஒரு வழி பாருங்க. இல்லாட்டி நீங்களே வந்து அவிங்க."

நான் போய்ச் சுவிச்சுப் பெட்டியைத் திறந்தேன். கொட்டிலுக்குப் போகிற வயரை ட்ரிப் சுவிச்சுக்குக் கீழே இருந்து கழற்றி, அதற்கு மேலே, மெயினில் நேரடியாகக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இனி வீட்டுக்கு மட்டும் காவல் உண்டு, கொட்டிலுக்கு இல்லை. செய்முறைப் பரீட்சையில் இதையே செய்த ஒரு மாணவனுக்கு நான் பூச்சியம் போட்டிருக்கிறேன். "உனக்கு ஆக்களக் கொல்ல லைசன் தரச் சொல்றியா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுமிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பையனை நினைத்தேன். எனக்கு எது ஆபத்து, எது இல்லை என்று தெரியும், அவனுக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியை மூடினேன்.

புதுச் சுவிச் மூன்றாம் கிழமையே வந்துவிட்டது. மேசை லாச்சியில் வைத்தேன். லேத் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் சோறும் ஒழுங்காக வெந்துகொண்டிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறப்போட்டேன். இரண்டு மாதம் அது லாச்சிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது.

மார்கழியில், பள்ளிக்கூட விடுமுறையில், பக்கத்து வீட்டில் சாமத்திய வீடு வந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவனுக்குக் கட்டாரில் வேலை. பெரியபிள்ளையான மகளுக்கு நீராட்டு வைப்பதை அவள் தனியாகத்தான் ஓடியாடிச் செய்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் நல்லதோ கெட்டதோ ஒரு வீட்டில் பந்தல் போட்டால், அதற்கு வேண்டிய கரண்டை அந்த வீடு மட்டும் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்து வீடு லைட்டுக்குக் கொடுக்கும், மற்றப் பக்கத்து வீடு தண்ணீர் மோட்டருக்குக் கொடுக்கும். வேலிக்கு மேலால் ஒரு வயர் வரும். கேட்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. என் கொட்டில் அவர்களின் வேலியில் ஒட்டியபடி இருந்ததால், பிள்ளையை இருத்தும் மணவறையின் லைட்டுக்கு லைன் என் கொட்டிலிலிருந்து என்று அவர்களாகவே முடிவுசெய்திருந்தார்கள்.

லைட் கட்ட வந்தவர் மண்டூர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அந்தப் பெண்ணின் கணவனுக்குத் தூரத்துச் சொந்தம். கையில் வயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.

"சேர், வீட்டில ட்ரிப் சுவிச் இருக்கா?"

"இருக்கு."

"ஒருக்கா அமத்திப் பாக்கட்டா? குறை நினைக்காதீங்க. அது வேலை செய்யாத வீட்டில நான் லைன் எடுக்கிறல்ல."

லைட் கட்டுகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். சுவிச்சுப் பெட்டியைக் காட்டினேன். சோதனைப் பொத்தானை அமத்தினார். டக்கென்று விழுந்தது. குசினியில் மின்விசிறி நின்றது. "நல்லம் சேர்," என்று சிரித்துக்கொண்டு அதைத் தூக்கிவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். பகல் என்பதால் கொட்டிலில் லைட் எரியவில்லை. எரிந்திருந்தால், வீட்டில் கரண்ட் போனபோது கொட்டிலில் போகவில்லை என்பதைக் கண்டுபிடித்திருப்பார்.

அவர் பிளக்கைக் குத்தக் குனிந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். வந்தது. "பொறுங்க, இதில எடுக்காதீங்க" என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் செய்துவைத்த வேலையை, பொத்தானை அமத்திப் பார்க்காமல் லைன் எடுக்காத இந்த மனிதருக்கு விளக்கவேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள்தானே, சும்மா ஐந்தாறு மின்குமிழ்க் கோர்வைதானே என்று விழுங்கிவிட்டேன். அவர் குத்திவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. மணவறை என்பது இரும்புக் குழாய்களால் பூட்டிய ஒரு சட்டம். மேலே துணியும் பூவும், அதற்குள் லைட்டும். படம் எடுக்க வந்தவர் வெளிச்சம் சரியில்லை என்றதும், சொந்தக்காரர் இரண்டு பேர் அந்தச் சட்டத்தை அப்படியே பிடித்து ஓரடி இழுத்து வைத்தார்கள். அதை நான் பார்க்கவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றேன். ஒரு கோர்வை அணைந்து அணைந்து எரிவதைக் கண்டு, என்னவென்று பார்க்க லைட்காரர் வெறுங்காலோடு ஈர மணலில் நடந்து போனதை மட்டும் கண்டேன். குழாயில் கை வைத்தார். வைத்த கை திரும்பி வரவில்லை.

முதலில் அவர் பகிடி பண்ணுகிறார் என்று ஒருவர் நினைத்தாராம். பிறகு ஒரு பெண் கத்தினாள். ஆளாளுக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். நான் ஓடினேன். கொட்டிலுக்குள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். வெளியே அவர் விழுந்த சத்தம் கேட்டது.

உயிர் இருந்தது. உள்ளங்கையும் காலும் வெந்திருந்தன. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிச்சம் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன இருந்தாலும் கரண்ட் படிப்பித்த சேர் அல்லவா.

"என்ன சேர் நடந்த?"

மணவறையைச் சுற்றிப் பார்த்தேன். மணலில் சட்டத்தின் கால்களை இழுத்த தடம் புதிதாகக் கிடந்தது. இழுத்தபோது குழாய்ப் பூட்டுக்குள் வயர் மாட்டி, தோல் கிழிந்து, செப்பு குழாயில் பட்டிருந்தது. லைட்காரர் கட்டிய கட்டு அப்படியே அழகாக இருந்தது. இழுத்தவர்களால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் ட்ரிப் சுவிச் ஏன் விழவில்லை என்பதுதான். அதனால் இரண்டு உண்மையையும் சேர்த்தே முழுங்கினேன்.

"வயர் நசிஞ்சிருக்கு," என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும், லைட்காரர் ஒழுங்காகக் கட்டவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படி எடுப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். வீட்டுக்குப் போய், லாச்சியிலிருந்து புதுச் சுவிச்சை எடுத்து உறையைப் பிரித்தேன். பின்னேரம் ஆகுமுன் கொட்டில் லைனில் அதைப் பூட்டி முடித்தேன். இரண்டு மாதம் கிடைக்காத நேரம் அன்றைக்கு எப்படியோ கிடைத்தது. மனைவி கதவடியில் வந்து நின்றாள்.

"இப்ப என்னத்துக்கு அதத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"சும்மா பாக்கிறன்."

அவள் கீழே கிடந்த உறையைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லைட்காரரின் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள், எழும்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, நீங்க நல்லா இருக்கணும். நீங்கதான் இவரத் தந்தீங்க" என்றாள். அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்ட பிழைதான் சேர்," என்றார். "எங்கயோ கவனமில்லாமக் கட்டிட்டன். ஆனா ட்ரிப் ஏன் விழல்ல? அதுதான் எனக்கு விளங்கல்ல."

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கவேண்டும். சுற்றி யாரும் இல்லை, அவளையும் அவரையும் தவிர.

"அதும் மெசின்தானே," என்றேன். "சில நேரம் பிடிக்கிறல்ல."

கொண்டுபோன தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கதாநாயகனாகிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் யார் வந்தாலும் வேலிக்கு மேலால் என்னைக் காட்டி, "இந்தச் சேர் மட்டும் ஓடி வந்திருக்காட்டி அந்த மனிசன் இண்டைக்கு இல்ல" என்பாள். பலகாரம் வீட்டில் செய்தால் முதல் தட்டு எங்களுக்கு வரும். கடையில் ஒருவர், மற்றவர்கள் எல்லாம் மணவறைக்கு ஓட, சேர் மட்டும் எப்படிச் சரியாகக் கொட்டிலுக்கு ஓடினார் என்று வியந்தார். படிப்பு என்றால் அதுதான் என்றார் இன்னொருவர். நான் தலையாட்டினேன். பலகாரத்தையும் தின்றேன். லேத்தைப் போட்டால் அந்த ரீங்காரம் காதுக்குள் புகுந்து நெஞ்சை அறுத்தது. வேலை கொண்டுவந்தவர்களை, மோட்டர் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவளின் தங்கைக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது.

"சேர், லைட் கட்ட ஒரு கவனமான ஆளாச் சொல்லுங்க. உங்கட்டப் படிச்ச ஆரும் இருந்தா நல்லம்."

"ஏன் புள்ள, மண்டூர் ஆள்?"

"அவரா? ஆரு சேர் இனி அவரக் கூப்பிடுற? மறுகா, அவரும் இப்ப கரண்ட் தொடுறல்லயாம். தண்ட கையத் தனக்கே நம்ப ஏலாதெண்டு சொன்னாராம். வயல் வட்டைக்க காவலுக்குப் போறாராம்."

ஊர் அவரைப் பிழையாக நினைக்கிறது என்பதோடு எட்டு மாதம் வாழப் பழகியிருந்தேன். அவரே தன்னைப் பிழையாக நினைக்கிறார் என்பதைத் தாங்க முடியவில்லை. அவர் கையில் ஒரு பிழையும் இல்லை. அது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சோறு வேகல்ல எண்டு கத்தினதாலதானே மாத்தினீங்க?"

உண்மையைச் சொன்னால், எட்டு மாதமும் மனதின் ஒரு மூலையில் அந்தச் சாக்குப்போக்கை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் தானாகவே அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"இல்ல," என்றேன். "புதுச் சுவிச் ரெண்டு மாசம் லாச்சியில கிடந்த. அதுக்கு நீ கத்தல்ல."

"அப்ப வெள்ளண வெளிக்கிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகிற படகுப்பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். படகுப்பாதையில் மோட்டார் சைக்கிள்களும் பால் கொண்டுபோகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பாடம் எடுக்கிற மாதிரி ஒரு தொடக்கம் மனதில் வந்தது. அதை வெட்டினேன்.

லைட்காரர் காவல் முடிந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். வலக்கையில் கடைசி இரண்டு விரலும் மடங்காமல் நின்றன. பின்னால் மாட்டுக்கொட்டிலில் அவருடைய ஏணியும் மின்குமிழ்க் கோர்வைகளும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. "சேர் வந்திருக்காரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். கதிரை வந்தது. தேத்தண்ணியும் வந்தது. அவள் மறுபடி கும்பிட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பொக்கற்றுக்குள் இருந்த ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துக் கீறிக் காட்டினேன்: மெயின், ட்ரிப் சுவிச், வீட்டுக்குப் போகிற லைன், கொட்டிலுக்குப் போகிற லைன். இன்வேட்டரையும் கீறினேன். அவர் கடதாசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொட்டில் லைன் பிரிகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இது ட்ரிப்புக்கு மேலால போகுது."

"ஓம்."

"அப்ப நான் அமத்திப் பாத்தது வீட்டை மட்டும்."

"ஓம்."

"நான் அமத்தித்தான் பாத்த."

"அமத்தித்தான் பாத்தீங்க. கட்டும் பிழையில்ல. அவங்க மணவறைய இழுத்ததில நசிஞ்சது. மணலில தடம் கிடந்த. நான் கண்ட."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "கேட்டியா? நான் ஒழுங்காத்தான் கட்டியிருக்கன்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள்தான் கேட்டாள்:

"ஆஸ்பத்திரியில இவர் கேட்டாரே ஐயா. அப்பயும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவருடைய முகமும் அப்போதுதான் மாறியது.

"எட்டு மாசம் சேர்," என்றார். "மழைக்குள்ள வட்டையில இருந்து யோசிச்சிக்கொண்டே இருப்பன். எந்த இடத்தில பிழை விட்டன், எந்தக் கட்டில பிழை விட்டன் எண்டு. நித்திரையில கட்டிக் கட்டிப் பாப்பன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்கிட்ட மட்டும் சொன்னாக் காணாது. அண்டைக்கு எந்த வளவில நிண்டு வயர் நசிஞ்சிருக்கெண்டு சொன்னீங்களோ, அந்த வளவில நிண்டு இதையும் சொல்லணும். வாங்க, நானும் வாறன்."

இருவரும் ஒன்றாகவே வந்தோம். பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தார். நான் கீறிய கடதாசி அவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தபோது, கலியாண வேலைக்கென்று வந்திருந்த சொந்தக்காரர் நாலைந்து பேர் முன்வளவில் இருந்தார்கள். மணவறையை இழுத்தவர்களில் ஒருவரும் இருந்தார். எனக்கு மட்டும் கதிரை போட்டார்கள். பிறகு யோசித்து அவருக்கும் ஒன்று போட்டார்கள்.

கல்லூரியில் நூறு பேருக்கு முன்னால் நின்று கத்தியவன், அந்த நாலைந்து பேருக்கு முன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். ஆனால் லாச்சிக்குள் கிடந்த சுவிச்சையும் விடவில்லை, அன்று பின்னேரம் ஒளித்துப் பூட்டியதையும் விடவில்லை. இன்வேட்டர், மீடிறன் என்றெல்லாம் அவர்களுக்கு விளங்கியிராது. விளங்கவேண்டியது விளங்கியது. மணவறையை இழுத்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பெரியவர், "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு, சேர்தானே காப்பாத்தினவர்" என்று சமாளிக்கப் பார்த்தார்.

வீட்டுக்காரப் பெண் அவரைக் கையால் தடுத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மணவறை நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்க. அண்டைக்குப் பிள்ளைக்குத் தண்ணி வாத்து முடிஞ்சு, உடுப்பு மாத்தி, கூட்டிக்கொண்டு வர வெளிக்கிட்டம். இவர் விழுந்த சத்தம் கேக்கக்குள்ள நாங்க கதவடியில நிக்கிறம்." அந்த இடத்தைக் கையால் காட்டினாள். "மணவறைப் பலகை உயரம். அந்தக் குழாயப் பிடிச்சித்தான் ஏறணும் எண்டு நான்தான் பிள்ளைக்குச் சொல்லிவெச்சன். வெறுங்காலோட."

எட்டு மாதம் நான் என் பெயரை நினைத்தேன், என் படிப்பை நினைத்தேன், இந்த மனிதரின் கையை நினைத்தேன். அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு நாளும் என் கண்முன்னால் பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அந்தக் குழாயைப் பிடித்திருப்பது அவள்தான்.

அந்தப் பெண் வீட்டுக்குள் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். பிள்ளை கையில் புத்தகத்தோடு வந்து, எல்லாரையும் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றது.

"இவருக்குக் கும்பிடு மகள்," என்றாள். லைட்காரரைக் காட்டினாள். "உனக்கு வந்தத இவர்தான் வாங்கின."

பிள்ளை புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுக் குனிந்து அவர் காலைத் தொட்டது. அவர் அந்த மடங்காத விரல்களோடு அதன் தலையில் கை வைத்தார். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். என்னை எழும்பிப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.